மெக்சிகோ நகரில் இரண்டு காலைகள்: எந்தக் காபிக்கடைக்குப் போவது?

தெயோதிவாகான் பிரமிடுகளுக்கு ஒரு நாள், தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள், பழைய நகர மையத்துக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டால், மெக்சிகோ நகருக்குச் செல்லும் பயணிக்குக் காபிக்கென்று எஞ்சுவது பெரும்பாலும் இரண்டு காலைப் பொழுதுகள்தான். அந்த இரண்டையும் எங்கே செலவிடுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பட்டியல்கள் பலவும் இருபது முப்பது கடைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே குரலில் புகழ்ந்துவிடுகின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் போகிறவர், சுவரில் தொங்கும் ஓவியத்துக்காகப் புகழ்பெற்ற ஓர் இடத்தில் மிகச் சிறந்த காபியை எதிர்பார்த்து ஏமாறுகிறார்; அல்லது நாட்டின் மிக அருமையான கொட்டையைக் காய்ச்சித் தரும் கடையில் நான்கே நாற்காலிகள் இருப்பதைக் கண்டு திரும்பிவிடுகிறார். ‘உட்கார நல்ல இடம் எது’, ‘குடிக்க நல்ல காபி எது’ என்பவை இந்த ஊரில் இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் ஒரே கூரையின் கீழ் விடை கிடைப்பது அரிது.

இது இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. மெக்சிகோ காபி விளையும் நாடு. தெற்கே சியாபாஸ், வஹாகா, கிழக்கே வெராக்ரூஸ், புயெப்லா ஆகிய மாநிலங்களின் மலைச்சரிவுகளில், பெரும்பாலும் ஓரிரு ஹெக்டேர் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிகள், நிழல்மரங்களுக்கு அடியில் அராபிகா பயிரிடுகிறார்கள். ஆனால் அந்தக் கொட்டையில் நல்லது கப்பலேறியது. உள்ளூரார் குடித்தது பெரும்பாலும் கரையும் தூள். இன்றும் சாதாரண உணவகங்களில் காபி கேட்டால், ஒரு குவளை வெந்நீரும் நெஸ்கபே குப்பியும் மேசைக்கு வருவதுண்டு. 1989இல் பன்னாட்டுக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை சரிந்து விலை வீழ்ந்தபோது, 1958இல் தொடங்கப்பட்டு விவசாயிகளிடம் கொள்முதல் செய்துவந்த அரசு நிறுவனமும் கலைக்கப்படலாயிற்று. கைவிடப்பட்டவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்களே புகலிடமாயின. வஹாகா மாநில மலைக்கிராமங்களின் ஊசிரி சங்கத்துக் காபிதான் 1988இல் நெதர்லாந்தில், விவசாயிக்கு நியாயமான விலை கிடைத்ததைக் காட்டும் மாக்ஸ் ஹவெலார் என்ற முத்திரையோடு முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. அதுவும் கடல் கடந்துதான் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். விளைவித்தவரின் ஊரையும் தோட்டத்தையும் பொட்டலத்தின் மேல் எழுதி, அதே நாட்டின் தலைநகரத்து மக்களுக்கு விற்கும் கடைகள் பெருகியது கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம்.

ஆகவே இந்த ஊரில் காபிக்கடை என்ற ஒரே பெயரில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று கறுக்க வறுத்த கொட்டை, கொதிக்கும் பால், இனிப்பு ரொட்டி, நீண்ட பேச்சு என்றிருக்கும் பழைய உலகம். மற்றொன்று எடைத்தராசு, கண்ணாடிக் குடுவை, இளவறுவல், தோட்டத்தின் பெயர் என்றிருக்கும் புதிய உலகம். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் கருதவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது இரண்டுக்கும் இழைக்கும் அநீதி என்று உறுதியாக நினைக்கிறேன்.

பழைய உலகத்திலிருந்து தொடங்குவோம். அதன் நல்ல முகவரிகள் நகர மையத்தில் நடக்கும் தூரத்துக்குள் இருக்கின்றன என்பதால், ஒரு காலையை இங்கே ஒதுக்குவது எளிது. பயணிகள் முதலில் கேள்விப்படும் பெயர் கஃபே தெ தகூபா. 1912இல் தொடங்கப்பட்டது, கடையின் பெயர் அது நிற்கும் தெருவின் பெயரே. பழைய மாளிகையின் வளைவுகள், ஓடு பதித்த சுவர்கள், கன்னியாஸ்திரீகள் மோலே குழம்பு சமைப்பதைக் காட்டும் பெரிய ஓவியம், தலையில் பெரிய வெள்ளை நாடா முடிந்த பரிமாறும் பெண்கள் என்று கண்ணுக்கு அங்கே குறைவே இல்லை. வெராக்ரூஸ் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த மான்லியோ பாபியோ அல்தமிரானோ 1936 ஜூன் மாதம் இந்த உணவகத்துக்குள்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமெங்கும் அறியப்பட்ட மெக்சிகோ ராக் இசைக்குழு ஒன்று தன் பெயரை எடுத்துக்கொண்டதும் இங்கிருந்துதான். இவ்வளவும் இருந்தாலும், இது அடிப்படையில் ஓர் உணவகம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் பெருமை என்சிலாடா என்னும் குழம்பில் தோய்த்த சோள ரொட்டிச் சுருளிலும், சோளமாவைப் பொதிந்து அவிக்கும் தமாலிலும், சாக்லேட் பானத்திலும் இருக்கிறது. காபி அங்கே துணைக்கு வருவது. மதிய உணவுக்குப் போய், முடிவில் ஒரு காபி குடிப்பவர் நிறைவோடு திரும்புவார். காபிக்கென்றே ஒரு காலையைச் செலவிட நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இதே தீர்ப்பு, இன்னும் சற்று அழுத்தமாக, மதேரோ தெருவில் இருக்கும் ‘ஓடுகளின் மாளிகை’க்கும் பொருந்தும். நீலமும் வெள்ளையுமான புயெப்லா ஓடுகள் வெளிச்சுவர் முழுவதும் போர்த்தியிருக்கும் அந்தக் கட்டடத்தை விட்டுவிட்டு நகர மையத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. 1919 முதல் சான்போர்ன்ஸ் நிறுவனத்தின் உணவகம் உள்முற்றத்தில் இயங்குகிறது. படிக்கட்டுச் சுவரில் ஹோசே கிளெமென்தே ஒரோஸ்கோ 1925இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. உள்ளே நுழைந்து முற்றத்தை அண்ணாந்து பார்த்து, அந்த ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்துவிடலாம். கால் வலித்தால் உட்கார்ந்து ஒரு காபி சொல்லலாம். வேறு காரணம் தேவையில்லை.

நகர மையத்தில் நான் தேர்ந்தெடுக்கும் கடை, இவ்விரண்டின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத எல் பொப்புலார். பேராலயத்துக்குச் சற்று மேற்கே, சின்கோ தெ மாயோ தெருவில் இருக்கும் இந்தக் கடை 1948இல் தொடங்கப்பட்டது. மெக்சிகோ மக்கள் ‘சீனர் காபிக்கடை’ என்று அழைக்கும் மரபின் மிச்சம் இது. அந்த மரபின் கதை அறிந்தால்தான் அங்கே வரும் குவளையின் அருமை தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத் தொழிலாளர்களும் வணிகர்களும் மெக்சிகோவின் வட மாநிலங்களில் குடியேறினார்கள். மெக்சிகோ புரட்சிக் காலத்தில், 1911ஆம் ஆண்டு, தொர்ரெயோன் நகரில் சுமார் 300 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் சொனோரா, சினலோவா மாநிலங்களிலிருந்து அவர்கள் கூட்டங்கூட்டமாகத் துரத்தப்பட்டார்கள். எஞ்சியவர்களில் பலர் தலைநகரில் தஞ்சம் புகுந்து, தம் நாட்டு உணவை ஒதுக்கி வைத்துவிட்டு, உள்ளூர்த் தொழிலாளி தன் கையிருப்புக்குள் வயிறாரச் சாப்பிடக்கூடிய சிற்றுண்டிக் கடைகளை நடத்தத் தொடங்கினார்கள். பால் காபியும், அடுப்பிலிருந்து அப்போதே இறக்கிய பிஸ்கெட் என்னும் மென்மையான உருண்டை ரொட்டியும் அந்தக் கடைகளின் அடையாளமாயின. துரத்தப்பட்ட ஒரு சமூகம் தன்னைத் துரத்திய நாட்டின் காலை உணவையே மாற்றியமைத்தது என்ற செய்தி, அந்த மேசையில் உட்காரும்போதெல்லாம் என்னை நெகிழச் செய்கிறது.

அங்கே காபி வரும் விதம் தமிழருக்கு வியப்பாக இருக்காது. முன்கூட்டியே இறக்கிய திக்கான டிகாக்ஷனைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, அதன்மேல் கொதிக்கும் பாலைச் சேர்க்கிறார்கள். எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்பதைக் குடிப்பவர்தான் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை என்றாலும், பால் கலந்தும் தன் குணத்தை விட்டுக்கொடுக்காத கசப்புக்குப் பழகிய நாக்கு இங்கே தன் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும். இந்த முறையின் தாயகம் வெராக்ரூஸ் துறைமுகம். 1808ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஊரின் பெரிய காபிக்கடையான லா பர்ரோக்கியாவில், தம்ளரைக் கரண்டியால் தட்டினால் பரிமாறுபவர் பால் கெண்டியோடு வந்து, உயரத் தூக்கி, நுரை பொங்க ஊற்றுவார். லெச்சேரோ என்று அதற்குப் பெயர். தலைநகரில் அந்தக் காட்சியை விரும்புகிறவர்கள் ரோமா பகுதியில் 1945இல் ஒரு சிறு சீனர் காபிக்கடையாகப் பிறந்து, இன்று பல கிளைகளாக விரிந்திருக்கும் பிஸ்கெட்ஸ் ஓப்ரெகோனுக்குப் போகலாம். கிளை நிறுவனத்துக்குரிய ஒரே மாதிரித் தன்மை அங்கே வந்துவிட்டது. ஆனால் குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு அதைவிட வசதியான இடம் சொல்வது கடினம். தட்டு நிறைய இனிப்பு ரொட்டிகள் மேசைக்கு வரும். எடுத்ததற்கு மட்டும் காசு.

சைவ உணவுக்காரர்கள் இந்த இடத்தில் இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. மன்தெக்கீயா என்றால் வெண்ணெய். மன்தேக்கா என்றால் பன்றிக்கொழுப்பு. தமாலின் மாவை மரபாகப் பிசைவது இரண்டாவதைச் சேர்த்துத்தான். மசித்துத் தாளித்த பயறிலும் சில ரொட்டிகளிலும் அது இருக்கும். கேட்டால் தயங்காமல் உண்மையைச் சொல்வார்கள்.

பழைய உலகத்தின் நான்காவது பெயர் லா அபானா. கியூபாவின் தலைநகரை ஸ்பானிய மொழியில் அப்படித்தான் உச்சரிப்பார்கள். 1952இல் தொடங்கிய இந்தக் கடை நகர மையத்தின் மேற்கு விளிம்பில், புகாரேலி வீதியும் மொரேலோஸ் வீதியும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. எல் உனிவெர்சால், எக்செல்சியோர் ஆகிய பெரிய நாளிதழ்களின் அலுவலகங்கள் அருகில் இருந்ததால் செய்தியாளர்களின் கூடமாக வளர்ந்தது. பிடல் காஸ்ட்ரோவும் சே குவேராவும் மெக்சிகோவில் 1955, 1956 ஆண்டுகளில் தங்கியிருந்து, கியூபப் புரட்சிக்காகத் துஸ்பான் துறைமுகத்திலிருந்து கிரான்மா படகில் புறப்படும் முன் இந்த மேசைகளில்தான் கூடிப் பேசினார்கள் என்று கடை பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அதை நகரத்தார் தலைமுறைகளாக நம்பி வருகிறார்கள். உயரமான கூரை, தெருவைப் பார்த்த அகலக் கண்ணாடிகள், சுவரெங்கும் பழைய ஹவானாவின் புகைப்படங்கள். வறுவல் அடர்த்தி, சுவை நேரடி. தனியாகப் போகிறவர், ஒரு புத்தகத்தையோ எழுத வேண்டிய கடிதத்தையோ எடுத்துக்கொண்டு போனால், எல் பொப்புலாரைவிட இங்கே நிம்மதியாக உட்காரலாம். இடம் பெரியது, எழுந்து போகச் சொல்லும் அவசரம் இல்லை. சுற்றுப்புறம் அழகற்றது, வழியில் பார்க்க அதிகம் இல்லை என்பதுதான் குறை. நகர மையத்துக்கென ஒரே காலை உள்ளவருக்கு எல் பொப்புலார். எழுத்திலும் செய்தித்தாள் உலகத்திலும் பற்றுள்ளவருக்கு லா அபானா என்பது என் பிரிப்பு.

புதிய உலகத்துக்குள் நுழையும் முன், எந்தப் பட்டியலும் சொல்லாத ஒரு காரணியைச் சொல்லியாக வேண்டும். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரத்தை ஒட்டியது. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கறுக்க வறுத்த கொட்டை எளிதில் சாரத்தை விட்டுவிடும் என்பதால் பழைய கடைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இளவறுவல் கொட்டையோ கெட்டியானது; கூடிய சூட்டைக் கேட்பது. கடற்கரை ஊர்களில் 95, 96 டிகிரித் தண்ணீரில் வடிப்பவர்களின் அளவுகளை அப்படியே இங்கே பின்பற்றினால் குவளை புளித்து, மெலிந்து நிற்கும். நுண்ணியதாக அரைத்தோ, நீரும் தூளும் சேர்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டியோ அதை ஈடுகட்ட வேண்டும். இந்த ஊரில் வடிகாபியை நன்றாகத் தருகிறவர் ஒவ்வொருவரும் அந்த இழப்பைக் கைப்பழக்கத்தால் வென்றவர். இளவறுவலைக் கவனமில்லாத கடையில் குடித்துவிட்டு, அந்த வகையே தனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டுவது பிழையான முடிவு. கடையைத் தேர்ந்தெடுப்பது எங்கும் முக்கியம். இங்கே இன்னும் முக்கியம்.

எனக்கு ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால், நான் நகர மையத்தில் இருக்க மாட்டேன். சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் கொயோவகானுக்குப் போவேன். அங்கே இரண்டு உலகங்களும் பத்து நிமிட நடைக்குள் அருகருகே வாழ்கின்றன.

முதலில் எல் ஹரோச்சோ. ஹரோச்சோ என்றால் வெராக்ரூஸ்காரர். 1953இல் தொடங்கிய இந்தக் கடை அயெந்தே தெருவும் குவாவ்தெமோக் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. ஓவியர் பிரீடா காலோவின் அருங்காட்சியக மூலையிலிருந்து அயெந்தே தெருவிலேயே தெற்கு நோக்கி நடந்தால், கொயோவகான் சந்தையைக் கடந்து நேரே அங்கே போய்ச் சேரலாம். வாசலை நெருங்கும் முன்பே வறுக்கும் மணம் வந்து அழைக்கும். உள்ளே உட்கார இடம் கிடையாது. சாளரத்தில் காசைக் கொடுத்து, காகிதக் குவளையை வாங்கிக்கொண்டு, எதிரே நடைபாதை விசிப்பலகையிலோ திண்டிலோ உட்கார வேண்டும். பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதற்கு ஒழுங்கே கிடையாது. நாயோடு நடந்துவந்த முதியவர், பல்கலைக்கழக மாணவர்கள், வேலைக்குப் போகும் வழியில் நிற்கும் கொத்தனார், ஞாயிறு உடையில் வந்த குடும்பம் என்று எல்லோர் கையிலும் அதே குவளைதான். விலை, புதிய கடைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காபி நுட்பமானது என்று சொல்ல மாட்டேன். வறுவல் அடர்ந்தது, சுவை ஒரே திசையில் போவது. பாலோடு குடித்தால் நன்றாக இருக்கும். சாக்லேட் கலந்த மோக்காவைத்தான் ஊர்க்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் ஒரு நகரம் தன் காபியை எப்படிக் குடிக்கிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு, இதைவிடத் தெளிவான இடம் மெக்சிகோ நகரில் இல்லை என்று துணிந்து சொல்வேன். விலை, வர்க்கம், வயது என்ற மூன்று வேலிகளும் அந்த நடைபாதையில் இல்லை.

அடுத்தது அவெயனேதா. கொயோவகானின் பெரிய சதுக்கத்திலிருந்து லா கொஞ்சீத்தா சிற்றாலயத்தை நோக்கிப் போகும் இகேரா தெருவில், கவனிக்காமல் நடந்தால் கடந்துபோய்விடக்கூடிய அளவுக்குச் சிறிய கடை. சில முக்காலிகள், ஒரு மேடை, அவ்வளவுதான். கொட்டை மெக்சிகோவில் விளைந்தது, வறுப்பதும் அவர்களே. மேடையின் முன் உட்கார்ந்தால், நீங்கள் கேட்ட காபி எந்த மாநிலத்தில், எந்த ஊரில், எந்த முறையில் பதப்படுத்தப்பட்டது என்பதைக் காய்ச்சுகிறவரே சொல்வார். கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். சொல்வதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. வஹாகா மலைக் கொட்டையை வடிகாபியாகக் குடித்துவிட்டு, அதே கொட்டையை அழுத்தத்தில் இறக்கிய சிறு குவளையாகவும் குடித்துப் பார்ப்பது, இந்த நாட்டுக் காபியைப் பற்றி ஒரு புத்தகம் சொல்லித்தரக்கூடியதை அரை மணி நேரத்தில் சொல்லித்தரும். முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்தத் தரத்துக் கொட்டை இந்த நகரத்தில் தங்கியிருக்காது என்பதை நினைத்துக்கொண்டு குடித்தால் சுவை இன்னும் கூடும்.

இரண்டையும் ஒரே காலையில் குடிப்பதென்றால் வரிசை முக்கியம். அவெயனேதா முதலில், எல் ஹரோச்சோ பிறகு. அடர்வறுவலும் சாக்லேட்டும் பட்ட நாக்கில் இளவறுவலின் பழச்சாயல் தங்காது. பருவமும் முக்கியம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வரும். கூரையற்ற எல் ஹரோச்சோவுக்கு அந்த மாதங்களில் மதியத்துக்கு முன்பே போய்விட வேண்டும். பிரீடா அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர் வேறு கிழமையைத் தேர்ந்தெடுக்கட்டும்.

ரோமா, கொண்டேசா ஆகிய இரட்டைப் பகுதிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டுப் பயணிகளில் பலர் தங்குவதே அங்கேதான். ஆகவே அவை தாமாகவே கண்ணில் படும். மரநிழல் வீதிகள் அழகானவை, கடைகள் நேர்த்தியானவை. ஆனால் பல கடைகளில் உள்ளே உட்கார்ந்திருப்பவர் பேசும் மொழி ஆங்கிலமாக இருக்கும். உலகின் எந்தப் பெருநகரத்திலும் அப்படியே பெயர்த்து வைத்துவிடக்கூடிய அறைகள் அவை. விலக்காகச் சிலவற்றைச் சொல்லலாம். கோர்தோபா தெருவில் இருக்கும் கார்தினால், ஒரே கொட்டையைப் பல கருவிகளில் இறக்கித் தருவதில் பொறுமை காட்டும் கடை. காய்ச்சும் முறைகளை ஒப்பிட விரும்புகிறவருக்கு ஏற்றது. அல்வாரோ ஓப்ரெகோன் வீதியின் கென்டின் கூட்டமானது, ஆனால் குவளையில் குறை வைக்காதது. கொண்டேசாவின் சிக்கித்தீத்தோ தன் பெயருக்கேற்பக் குட்டிக் கடை. நின்றபடி ஒரு சிறு குவளை குடித்துவிட்டு நடையைத் தொடரலாம். நீண்ட நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால், 1993இல் கொண்டேசாவில் தொடங்கிய எல் பெந்துலோ என்னும் புத்தகக்கடைக் காபியகத்துக்கு நிகரில்லை. செடிகள் படர்ந்த புத்தக அலமாரிகளுக்கு நடுவே காலை உணவு சாப்பிடலாம். அங்கே காபி சுமார்தான். புத்தகங்களுக்காகப் போக வேண்டிய இடம்.

இந்தப் பகுதிகளைவிட நான் பரிந்து பேச விரும்புவது, சற்றுத் தெற்கே தெல் வாயே குடியிருப்பில், லாசரோ கார்தெனாஸ் சந்தைக்குள் இருக்கும் பாஸ்மார். ஒருபுறம் கறிக்கடை, மறுபுறம் காய்கறி, பழம், மிளகாய் வற்றல் குவியல்கள். இவற்றுக்கு நடுவே, நாட்டின் காபி காய்ச்சும் போட்டிகளில் வென்றவர்களை உருவாக்கிய ஒரு கடை. சந்தைக்கு வந்த இல்லத்தரசி, பையைக் காலடியில் வைத்துவிட்டு, மிகத் தேர்ந்த ஒரு குவளையை நின்றபடி குடித்துவிட்டுப் போகிறார். புதிய உலகத்தின் நுட்பமும் பழைய உலகத்தின் எளிமையும் ஓரிடத்தில் சேர்வது அரிது. அந்த அரிய இடம் இதுதான். பால் சேர்த்த காபியை விட மனமில்லாமல், ஆனால் நல்ல கொட்டையின் சுவையையும் அறிய விரும்புகிறவர்களை நான் அவெயனேதாவைவிட இங்கேதான் முதலில் அனுப்புவேன். பாலைச் சூடாக்குவதில் இவர்களுடைய கைத்திறன் அபாரம். சுற்றுலா இடங்கள் அருகில் இல்லாததால் தனிப் பயணம் தேவைப்படும் என்பதும், சந்தை நேரத்தை ஒட்டியே போக வேண்டும் என்பதும் மட்டுமே தடைகள். மூன்றாவது காலை ஒன்று கிடைத்தால் அது பாஸ்மாருக்கே.

வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் என் வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். முக்காலியும் நடைபாதைத் திண்டும் அவர்களுக்கு ஆகாது. உயரத்தின் காரணமாக முதல் இரண்டு நாட்கள் மூச்சு வாங்குவதும் உண்டு. அவர்களுக்கு லா அபானாவின் சாய்வு நாற்காலியும், எல் பொப்புலாரின் பால் காபியும் பொருத்தம். பால் வேண்டாதவர்கள் எங்கேயாவது ஒரு முறை கஃபே தெ ஓயா குடித்துப் பார்க்கட்டும். மண்பானையில் தண்ணீரோடு பட்டையும் கரும்பு வெல்லமும் கொதிக்கவிட்டு, காபித்தூள் சேர்த்து இறக்கும் நாட்டுப்புறப் பானம் அது. காலைச் சிற்றுண்டி தரும் எளிய உணவகங்களிலும் சந்தைகளிலும் நன்றாகக் கிடைக்கும். அதற்கென்று பெயர்பெற்ற கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எந்தக் கடையிலும் கணக்குச் சீட்டு தானாக வராது. கேட்காமல் சீட்டை நீட்டுவது விருந்தினரை எழுப்பிவிடுவதற்குச் சமம் என்று அங்கே கருதுகிறார்கள். ‘லா குவெந்தா, போர் பவோர்’ என்று கேட்க வேண்டும். மேசையில் பரிமாறும் இடங்களில் 10 முதல் 15 விழுக்காடு வரை அன்பளிப்பு வைப்பது வழக்கம்.

ஊருக்குக் கொட்டை வாங்கிவர நினைப்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் பொட்டலங்கள் பலவற்றில், வறுத்த காபியோடு சர்க்கரையும் கலந்திருக்கும். நம் ஊரில் சிக்கரி கலப்பது போன்ற பழைய வழக்கம் அது. பொட்டலத்தின் மேல் கலவை என்ற பொருளில் ‘மெஸ்க்லாதோ’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வைத்துவிட வேண்டும். அறுவடை ஏறத்தாழ நவம்பரிலிருந்து மார்ச் வரை நடப்பதால், புதுக்கொட்டை நகரத்துக் கடைகளுக்கு அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் வந்துசேரும். எந்த ஆண்டின் அறுவடை என்று கேட்பதில் தவறில்லை. அவெயனேதாவிலும் பாஸ்மாரிலும் வாங்கும் இளவறுவல், நம் பித்தளை ஃபில்டரில் போட்டுப் பால் சேர்த்தால் புளிப்பாகத் தோன்றக்கூடும். ஆகவே வீட்டில் பால் காபி குடிப்பவர்கள் அங்கே இருப்பவற்றில் அடர்ந்த வறுவலைக் கேட்டு வாங்கட்டும், அல்லது எல் ஹரோச்சோவின் கொட்டையிலேயே ஒரு கிலோ எடுத்துக்கொள்ளட்டும். அரைக்காமல் முழுக்கொட்டையாகவே கட்டித் தரச் சொல்ல வேண்டும். விமானத்தில் துணிகளுக்கு நடுவே வைத்தால், பெட்டியைத் திறக்கும்போது கொயோவகான் மூலையின் மணம் சட்டைகளில் ஏறியிருக்கும்.